ஆற்று வெள்ளமும் ஹவுசிங்குக்குள் புகுந்த தண்ணீரும்: எந்தக் கருவிக்கு இன்சூரன்ஸ் எடுப்பது?

2022-ஆம் வருஷம், மாசி மாதத்துக் காலை. சேரன்மகாதேவிக்கு மேற்கே தாமிரபரணி ஆற்றில் கழுத்தளவு தண்ணீரில் முழங்கால் போட்டு உட்கார்ந்திருந்தேன். கேமராவைத் தண்ணீர் படாமல் அடைத்து வைக்கிற பெட்டியான ஹவுசிங்கைத் தண்ணீருக்குள் பிடித்தபடி, கலைந்துபோன கெண்டைக் கூட்டம் திரும்பி வரட்டும் என்று காத்திருந்தேன். அப்போது லென்ஸுக்கு முன்னால் இருக்கிற வளைந்த முகப்பான டோம் போர்ட்டின் அடிப்பக்கத்தில் மெல்லிய கோடு ஒன்று தெரிந்தது. வெளியே ஒட்டிய குமிழி என்று நினைத்து விரலால் துடைத்தேன். போகவில்லை. ஹவுசிங்கைச் சற்றுச் சாய்த்தேன். கோடும் சேர்ந்து சாய்ந்தது. தண்ணீர் உள்ளே இருந்தது.

கரையேறித் துண்டை விரித்து, பின்மூடியைத் திறந்தேன். உள்ளே நாலு தேக்கரண்டித் தண்ணீர்கூட இருக்காது. அதில் பாதி லென்ஸ் மாட்டும் வளையத்தைச் சுற்றி நின்றது. பேட்டரியைக் கழற்றிய பிறகு மூடியில் தண்ணீர் புகாமல் அடைக்கிற ரப்பர் வளையமான ஓ-ரிங்கை எடுத்து வெயிலில் பிடித்துப் பார்த்தேன். கருப்பு ரப்பரின் குறுக்கே கருப்பாக ஒரு முடி, என் தலைமுடி. வேறு எந்தப் பழுதும் இல்லை. அந்தக் கேமரா அதற்குப் பிறகு உயிர் பெறவில்லை.

அடுத்த வருஷம், 2023 டிசம்பர் 17, 18. அந்த இரண்டு நாளை நம் பக்கத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை. தாமிரபரணி கரையை மீறி வந்தபோது, திருநெல்வேலி சிந்துபூந்துறையில் நான் வாடகைக்கு எடுத்திருந்த கீழ்த்தள அறைக்குள்ளும் இடுப்பளவு ஏறியது. கேமராக்களை முந்தின நாள் மாலையே தங்கச்சி வீட்டு மாடிக்குக் கொண்டுபோய்விட்டேன். ஸ்டூடியோ விளக்குகள், இரண்டு ட்ரைபாட், பழைய லென்ஸ் ஒன்று, நீருக்கடி ஃபிளாஷ் விளக்குகளான ஸ்ட்ரோபுகளின் சார்ஜர்கள் எல்லாம் கீழேயே இருந்து சேற்றில் போயின.

இரண்டு தடவையும் என் பொருளைக் கெடுத்தது அதே ஆற்றுத் தண்ணீர்தான். ஆனால் இரண்டாவதற்கு இழப்பீடு வந்தது, முதலாவதற்கு ஒரு பைசா வரவில்லை. எனக்குப் பாலிசி போட்டுத் தந்த அக்கா ஒரே வரியில் விளக்கிவிட்டார்: “தம்பி, பாலிசில வெள்ளம்னு போட்டிருக்கது ஆத்து வெள்ளம். ஒங்க பெட்டிக்குள்ள பூந்த தண்ணிய அது சொல்லலல்லா.”

நீருக்கடிப் படம் எடுப்பவர்கள் பேச்சில் ஹவுசிங்குக்குள் தண்ணீர் புகுவதை ‘ஃபிளட் ஆயிட்டு’ என்கிறோம். இன்சூரன்ஸ்காரர்களின் ஃபிளட் வேறு. ஆறு கரை உடைத்து வருவது, குளம் மறுகால் பாய்ந்து வீட்டுக்குள் புகுவது, மழைநீர் தேங்குவது எல்லாம் அவர்கள் கணக்கில் வெள்ளம். ஒரே சொல் இரண்டு பொருளில் நடமாடுவதால், ‘ஃபிளட் கவர் உண்டு’ என்று யாராவது சொன்னதும் நாம் நிம்மதியாகிவிடுகிறோம். எந்தக் கருவிக்கு எடுப்பது என்ற கேள்விக்குப் போகுமுன் இதைத் தீர்த்துக்கொள்ள வேண்டும்.

முதலில் கருவிகளை ஒவ்வொன்றாகப் பார்க்கிறேன். ‘எல்லாவற்றுக்கும் சேர்த்துப் போட்டுவிடு’ என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. தண்ணீர் புகுந்தால் எது சாகும், எது பிழைக்கும் என்பதில்தான் முடிவு இருக்கிறது.

குறுக்குத்துறை முருகன் கோயிலை நினைத்துக்கொள்ளுங்கள். ஆற்றுக்குள்ளேயே இருக்கிற கோயில். வெள்ளம் வருகிறது என்றால் உற்சவரையும் உண்டியலையும் தூக்கிக்கொண்டு மேலக்கோயிலுக்குப் போய்விடுவார்கள். மூலவரும் மண்டபமும் அங்கேயே நிற்கும். கோபுரம் முங்கினாலும் தண்ணீர் வடிந்த பிறகு கழுவிவிட்டுப் பூஜையைத் தொடங்கிவிடலாம். எதைத் தூக்க வேண்டும், எதை விட்டுவிடலாம் என்பது அங்கே தலைமுறை தலைமுறையாகத் தெரிந்த விஷயம். நம் கேமராப் பைக்கும் அப்படி ஒரு பிரிவினை வேண்டும்.

ஹவுசிங் மூலவர் மாதிரி. அலுமினிய ஹவுசிங்குக்குள் ஒரு குடம் தண்ணீர் போனாலும் ஹவுசிங் கெடாது. கழுவி, காயவைத்து, ஓ-ரிங்கை மாற்றினால் திரும்ப வேலை செய்யும். உள்ளே இருக்கிற ஈரம் காட்டும் சென்சாரோ ஸ்ட்ரோபைத் தூண்டும் சிறு சர்க்யூட்டோ போகலாம். அது தனியாக மாற்றக்கூடிய சின்னச் செலவு. பையில் இருப்பதிலேயே விலை அதிகமான பொருள் ஹவுசிங் என்பதால் பலர் முதலில் அதற்குத்தான் காப்பீடு கேட்கிறார்கள். தண்ணீர் புகுவதை மட்டும் வைத்துப் பார்த்தால் அது வீண் செலவு. ஹவுசிங்குக்கு உண்மையான ஆபத்து பாறையில் விழுவது, படகில் அடிபடுவது, பஸ்ஸில் பையோடு காணாமல் போவது. பாலிகார்பனேட் ஹவுசிங் என்றால் கீழே விழுந்து விரிசல் விடும் பயம் கூடுதல். திருட்டுக்கும் பயணத்துக்கும் எடுப்பது வேறு விஷயம். அதை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

டோம் போர்ட்டுக்குக் கீறல்தான் எதிரி. கீறல் சாதாரணத் தேய்மானத்தில் சேரும், எந்தப் பாலிசியிலும் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. அக்ரிலிக் டோம் சீக்கிரம் கீறும், ஆனால் மெருகேற்றிச் சரிசெய்யலாம். கண்ணாடி எளிதில் கீறாது, கீறிவிட்டால் மாற்றத்தான் வேண்டும். இதற்கு நல்ல உறை ஒன்று போதும்.

ஆக்‌ஷன் கேமராவுக்கும் வேண்டாம் என்பேன். கோப்ரோ ஹீரோ 5 முதல் பெரும்பாலான மாடல் ஹவுசிங் இல்லாமலே 10 மீட்டர் வரை தண்ணீர் தாங்கும். அதில் தண்ணீர் போவது பெரும்பாலும் பக்கவாட்டு மூடியைச் சரியாக அழுத்தாததால். மூடியை அழுத்த மறந்ததற்கு இழப்பீடு கேட்கப்போனால், கவனக்குறைவு என்ற பேச்சு எழும். தேய்மானம் கழித்து, எக்ஸஸ் (இழப்பில் நாமே ஏற்க வேண்டிய தொகை) கழித்து கைக்கு வருவது பெட்ரோல் செலவுக்கே சரியாகிவிடும்.

சின்னக் காம்பாக்ட் கேமராவில் ஒரு நல்ல சங்கதி இருக்கிறது, நம் ஆற்றுக்கு மிகப் பொருத்தமானது. ஒலிம்பஸ் டி.ஜி.-6 போன்ற கேமரா தானே 15 மீட்டர் வரை தாங்கும். அதற்கென்று உள்ள ஹவுசிங்கில் போட்டால் 45 மீட்டர். ஆற்றில் நாம் படம் எடுப்பது ஒன்று, இரண்டு மீட்டர் ஆழத்தில், மிஞ்சிப்போனால் மூன்று. ஹவுசிங்குக்குள் தண்ணீர் புகுந்தாலும் உள்ளே இருக்கிற கேமரா அந்த ஆழத்தைத் தானாகவே தாங்கும். வீட்டுக்கு இரண்டு கதவு போட்ட மாதிரி. முண்டந்துறைப் பக்கமும் சரி, கல்லிடைக்குறிச்சிப் பக்கமும் சரி, ஆற்று மீன் மட்டும்தான் எடுக்கப்போகிறீர்கள் என்றால் இந்தக் கேமராவும் ஹவுசிங்கும் வாங்கிவிட்டு, தண்ணீர் புகும் இன்சூரன்ஸை மறந்துவிடலாம். இந்தத் துறைக்குப் புதிதாக வருகிற தம்பிகளுக்கு நான் சொல்கிற முதல் யோசனை இதுதான்.

இனி உற்சவர். மிரர்லெஸ் கேமரா உடலும் அதில் மாட்டியிருக்கிற லென்ஸும். இவற்றுக்குள் தண்ணீர் தாங்க எதுவும் கிடையாது. ஆற்று நீராவது சில சமயம் கருணை காட்டும். உடனே பேட்டரியைக் கழற்றி நாள்கணக்கில் காயவைத்தால் பிழைத்தாலும் பிழைக்கும். கடல் நீர் அப்படி இல்லை. உப்புநீரில் மின்சாரம் பாய்ந்துகொண்டே இருக்கும், சர்க்யூட்டில் செம்பு பச்சை பூக்கும். உவரியிலோ இடிந்தகரையிலோ உள்ளே புகுந்த கடல் நீர் என்றால், சர்வீஸ் சென்டரில் திறந்து பார்த்துவிட்டுக் கையை விரித்துவிடுவார்கள்.

இதில் பலர் கவனிக்காத கணக்கு ஒன்று உண்டு. ஹவுசிங் என்பது ஒரே ஒரு கேமரா மாடலுக்காகச் செய்யப்பட்ட பொருள். பொத்தான்கள் எல்லாம் அந்த உடலின் பொத்தான்கள் மேலே மில்லிமீட்டர் பிசகாமல் உட்காரும்படி அமைத்திருப்பார்கள். கேமரா உடல் செத்து, அந்த மாடல் சந்தையில் கிடைக்காமல் போனால், ஒன்றரை லட்சத்துக்கு மேல் கொடுத்து வாங்கிய ஹவுசிங் வெறும் அலுமினியப் பெட்டி. ஆக, கேமரா உடலுக்கு எடுக்கிற காப்பீடு ஹவுசிங்கையும் சேர்த்துக் காக்கிறது. பாலிசியில் தேய்மானம் கழித்த சந்தை மதிப்பைத் தருவார்களா, அதே போன்ற புதுப் பொருள் வாங்கும் விலையைத் தருவார்களா என்று முதலில் கேட்க வேண்டும். நாலு வருஷப் பழைய உடலுக்குச் சந்தை மதிப்பு என்றால் கிடைக்கிற தொகையில் செகண்ட் ஹேண்ட்தான் வாங்க முடியும். அதுவும் அதே மாடல் கிடைத்தால்.

எனக்கு இன்னொரு கவலையும் இருந்தது. என் தொழில் கல்யாணப் படம். தை மாதம் முகூர்த்தத்துக்கு முகூர்த்தம் ஓடுகிற கேமராவைத்தான் மாசியில் ஆற்றுக்குள் இறக்கினேன். அது போனதும் பங்குனி முகூர்த்தத்துக்கு வாடகைக் கேமராவோடு போக வேண்டியதாயிற்று. பழகாத கேமராவோடு தாலி கட்டுகிற நேரத்தில் நிற்பது என்ன பாடு என்று இந்தத் தொழிலில் இருக்கிறவர்களுக்குத் தெரியும். கேமரா வைத்துச் சம்பாதிக்கிறவர்கள் இந்த இழப்பையும் கணக்கில் எடுக்க வேண்டும். சாதாரணக் கருவிப் பாலிசி கேமராவுக்குத்தான் பணம் தரும், போன வருமானத்துக்குத் தராது.

ஸ்ட்ரோப் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. தண்ணீர் முதலில் புகுவது பேட்டரி அறையில். சில மாடல்களில் அந்த அறை உள் சர்க்யூட்டிலிருந்து தனியாக அடைத்து வைக்கப்பட்டிருக்கும். முனைகளைச் சுத்தம் செய்தால் பிழைத்துவிடும். அப்படிப் பிரித்திருக்காத மாடல்களில் மொத்தமும் போகும். வாங்குமுன் இதைக் கேட்டுக்கொண்டால் இன்சூரன்ஸ் கேள்விக்குப் பாதி பதில் அங்கேயே கிடைத்துவிடும். தண்ணீர் புகுந்த ஸ்ட்ரோபை வீட்டில் திருப்புளி போட்டுத் திறக்கவே கூடாது. உள்ளே இருக்கிற கெப்பாசிட்டர் ஆளைத் தூக்கியடிக்கும். ஆற்றில் பங்குனி வெயிலே போதும், ஸ்ட்ரோப் தேவைப்படுவது கடலில்தான். கடலுக்கு அடிக்கடி போகிறவர்கள் சேர்த்துக்கொள்ளலாம். வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவைதான் என்றால் விட்டுவிடலாம்.

என் பையில் இருந்ததை வாங்கிய விலைக்கே எழுதிக் கூட்டினேன். கேமரா உடல் 1,15,000. மேக்ரோ லென்ஸ் 45,000, வைடு லென்ஸ் 40,000. ஹவுசிங் 1,70,000, டோம் 38,000, ஸ்ட்ரோப் இரண்டும் 96,000, காம்பாக்ட் கேமரா ஹவுசிங்கோடு 62,000, ஆக்‌ஷன் கேமரா 34,000. மொத்தம் 6,00,000. பிரீமியம் இரண்டரை சதவீதம் என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். கம்பெனிக்குக் கம்பெனி இது மாறும். எல்லாவற்றுக்கும் எடுத்தால் 15,000, அதன் மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. 2,700. வருஷத்துக்கு 17,700 ரூபாய். உடலுக்கும் லென்ஸ் இரண்டுக்கும் மட்டும் எடுத்தால் 2,00,000-க்கு 5,000, வரியோடு 5,900. வித்தியாசம் 11,800. மூன்று வருஷம் அந்த வித்தியாசத்தைத் தனியே எடுத்துவைத்தால் 35,400. ஆக்‌ஷன் கேமராவைப் புதிதாகவே வாங்கிவிடலாம்.

இதே ஆக்‌ஷன் கேமராவுக்கு இன்சூரன்ஸ் எடுத்திருந்தால் என்ன ஆகும்? மூன்று வருஷப் பழசு, பாதி தேய்மானம் கழித்தார்கள் என்றால் 17,000. எக்ஸஸ் 10,000 என்றால் கையில் 7,000. இந்தக் கணக்கை ஒரு தாளில் போட்டுப் பார்த்த பிறகுதான் எனக்குத் தெளிவு பிறந்தது.

பிரீமியத்தைக் குறைக்கப் பொருளின் மதிப்பைக் குறைத்து எழுதுகிறவர்களும் உண்டு. அது ஆபத்து. ஒரு லட்சம் மதிப்புள்ள கேமராவை 60,000 என்று எழுதியிருந்தால், 40,000 ரூபாய் ரிப்பேர் செலவு வரும்போது அதே விகிதத்தில் 24,000-தான் தருவார்கள். ‘அறுபதுக்குள்தானே கேட்கிறேன்’ என்ற வாதம் அங்கே எடுபடாது.

சரி, எந்தப் பாலிசி?

வீட்டுப் பாலிசியை எடுத்துக்கொள்வோம். 2021 ஏப்ரல் 1 முதல் ‘பாரத் கிருஹ ரக்ஷா’ என்று ஒரே மாதிரி விதிகளோடு பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் தருகின்றன. புயல், வெள்ளம், நீர் சூழ்வது எல்லாம் இதில் அடக்கம். வீட்டுக் கட்டடத்துக்கு எடுத்தால் அதன் தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் வரை, உள்ளே இருக்கிற பொருள்களுக்குத் தானாகவே சேரும். வாடகைக்கு இருப்பவர்கள் பொருள்களுக்கு மட்டும் எடுக்கலாம். மதிப்பைக் குறைத்து எழுதியதற்காக விகிதம் போட்டுக் கழிக்கிற வழக்கமும் இதில் இல்லை. 2023 வெள்ளத்தில் எனக்குக் கைகொடுத்தது இந்த வகைதான். இழப்பை மதிப்பிடுகிற சர்வேயர் வந்து சேற்றுக் கறை சுவரில் எவ்வளவு உயரம் என்று டேப் வைத்து அளந்தார். பொருள்களைப் படம் எடுத்துக்கொண்டார், பில் கேட்டார். பில் இருந்ததற்குப் பணம் வந்தது. பில் இல்லாத பழைய லென்ஸுக்கு வரவில்லை, அதில் அவரைக் குறை சொல்ல முடியாது. ஸ்டூடியோ வைத்திருப்பவர்கள் கடைக்கென்று ‘பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா’ எடுக்கலாம். அதிலும் வெள்ளம் அடக்கம். தொழிலுக்குப் பயன்படுத்துகிற பொருளை வீட்டுப் பொருள் என்று எழுதிவிட்டுப் பின்னால் சிக்கலில் மாட்டிக்கொள்ளாதீர்கள், முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

இந்த இரண்டும் பாலிசியில் எழுதிய இடத்தில் இருக்கிற பொருளுக்குத்தான். சேரன்மகாதேவி ஆற்றுக்குள் என் கையில் இருந்த கேமராவுக்கு இதில் வழியே இல்லை.

வெளியே கொண்டுபோகிற கருவிக்கு ‘ஆல் ரிஸ்க்’ என்ற வகை இருக்கிறது. பெயரைப் பார்த்து ஏமாறக் கூடாது. எல்லா ஆபத்தும் என்று பெயர் இருந்தாலும் பின்பக்கத்தில் விலக்குகள் நீளமாக வரும். தேய்மானம், துரு, பூஞ்சை, மெல்ல மெல்லக் கெடுவது, தானாக நேர்கிற மின்பழுது எல்லாம் பொதுவாக விலக்குகளில் இருக்கும். ஹவுசிங்குக்குள் தண்ணீர் புகுவது இங்கேதான் கத்திமுனையில் நிற்கிறது. ‘எதிர்பாராத விபத்து’ என்று நாம் சொல்வோம். ‘ஓ-ரிங் தேய்ந்திருந்தது, அது தேய்மானம்’ என்று அவர்கள் சொல்லலாம். ‘முடி சிக்கியிருந்ததா, தகுந்த கவனம் எடுக்கவில்லை’ என்றும் சொல்லலாம். வாரண்டியும் கைகொடுக்காது. ஹவுசிங் செய்கிறவர்கள் பொதுவாக ஹவுசிங்குக்குத்தான் பொறுப்பேற்பார்கள், உள்ளே வைத்த கேமராவுக்கு ஏற்க மாட்டார்கள்.

அதனால் நான் ஒரு கடிதம் எழுதினேன். அதன் நடுப்பகுதியை அப்படியே தருகிறேன், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்: “நீருக்கடியில் பயன்படுத்தவென்றே செய்யப்பட்ட ஹவுசிங்கில் வைத்து, அதற்கு அனுமதித்த ஆழத்துக்குள் பயன்படுத்தும்போது, எதிர்பாராமல் ஹவுசிங்குக்குள் தண்ணீர் புகுந்து கேமராவும் லென்ஸும் பழுதானால் இந்தப் பாலிசியில் இழப்பீடு உண்டா? உண்டு என்றால் எந்தப் பிரிவின்படி? இல்லை என்றால் எந்த விலக்கின்படி? ஆற்று நீருக்கும் கடல் நீருக்கும் வேறுபாடு உண்டா?”

இரண்டு நிறுவனங்களுக்கு அனுப்பினேன். ஒன்று, நீருக்கடிப் பயன்பாட்டுக்குக் கிடையாது என்று நேராகப் பதில் எழுதியது. அந்த நேர்மைக்கு நான் நன்றி சொல்கிறேன், என் பிரீமியம் மிச்சமானது. மற்றொன்று ஆழம் எவ்வளவு, வருஷத்துக்கு எத்தனை நாள், ஹவுசிங் மாடல் எது என்று திருப்பிக் கேட்டது. பிறகு கூடுதல் எக்ஸஸோடு பாலிசியில் தனியாக ஒரு வரி எழுதிச் சேர்த்துக் கொடுத்தது. அந்த வரி இல்லாத ஆல் ரிஸ்க் பாலிசிக்கு நீருக்கடிப் படக்காரர் பணம் கட்டுவதில் அர்த்தமே இல்லை. ஏஜென்ட் வாயால் சொன்னால் போதாது. எழுத்தில் வர வேண்டும்.

முக்குளிக்கிறவர்களுக்கென்றே வெளிநாடுகளில் கருவிக் காப்பீடு இருக்கிறது, தண்ணீர் புகுவதை அதில் வெளிப்படையாகவே சேர்த்திருப்பார்கள் என்று நண்பர்கள் சொல்வார்கள். ஆனால் இந்தியாவில் இருக்கும் சொத்துக்கு வெளிநாட்டு நிறுவனத்தில் காப்பீடு எடுக்க காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் முன்அனுமதி வேண்டும் என்று நம் காப்பீட்டுச் சட்டம் சொல்கிறது. கார்டைத் தேய்த்துப் பணம் கட்டுமுன் இதை நினைவில் வையுங்கள்.

கடைசியாக, இன்சூரன்ஸே எடுக்காமல் இருப்பது. இதை நான் குறைவாக மதிக்கவில்லை. இரண்டு வழி இருக்கிறது. மாதம் ஆயிரம் ரூபாய் சீட்டோ ஆர்.டி.யோ போட்டு வருவது ஒன்று. அதே மாடலில் செகண்ட் ஹேண்ட் உடல் ஒன்றை இப்போதே வாங்கி ஹவுசிங்குக்கென்று ஒதுக்கிவிடுவது இன்னொன்று. இரண்டாவதுதான் எனக்குப் பிடித்தது. கல்யாணக் கேமரா கரையிலேயே இருக்கும். ஆற்றுக்குள் போகிறது பழசு. அது போனாலும் மறுநாள் முகூர்த்தம் கெடாது, ஹவுசிங்கும் அநாதையாகாது. ஏழு வருஷம் பாலிசிக்குக் கட்டுகிற பணத்தில் ஒரு பழைய உடல் வாங்கிவிடலாம் என்றால், ஆற்றோடு நிற்கிறவர்களுக்கு இதற்கு மேல் பாலிசி தேவையில்லை.

கடலுக்குப் போகிறவர்களுக்கு என் பதில் வேறு. தூத்துக்குடிக்கு அப்பால் மன்னார் வளைகுடாத் தேசியப் பூங்காவின் 21 தீவுகள் பக்கம் வனத்துறை அனுமதியில்லாமல் போக முடியாது. அனுமதியோடு ஏதாவது ஆய்வுக் குழுவுக்குப் படம் எடுக்கப் போகிறவர்கள், சங்கு குளிக்கிறவர்களோடு போகிறவர்கள், அந்தமானுக்கு வருஷாவருஷம் போகிறவர்கள் எல்லாரும் உடலுக்கும் லென்ஸுக்கும் அந்தத் தனி வரியோடு பாலிசி எடுக்கத்தான் வேண்டும். படகில் பெட்டி அடிபடும், அவசரத்தில் மூடி சாய்வாக உட்காரும், புகுவது உப்புநீர். மூன்றும் சேர்ந்த இடத்தில் பழைய உடல் போனாலும் பரவாயில்லை என்ற மனசு நிற்காது.

ஆழத்தில்தான் தண்ணீர் புகும் என்று பலர் நினைக்கிறார்கள். கடலில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது, அந்த அழுத்தமே மூடியை ஓ-ரிங் மேல் இறுக்கி வைக்கிறது. முதல் ஓரிரு மீட்டரில் அந்த இறுக்கம் இல்லை. முடியோ மணலோ உப்புப் பொடியோ இருந்தால் வழி அங்கேதான் திறக்கும். ‘ஆத்துல இடுப்பளவு தண்ணிதானே அண்ணாச்சி’ என்று அலட்சியமாகப் போடுகிற மூடிதான் ஆளைக் கவிழ்க்கிறது. உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சி அழுத்தம் நிற்கிறதா என்று கரையிலேயே காட்டுகிற வேக்கம் பம்ப் இப்போது பல ஹவுசிங்குகளுக்குக் கிடைக்கிறது. ஒரு வருஷப் பிரீமியத்துக்கும் அந்தப் பம்ப்புக்கும் இடையில் ஒன்றைத்தான் வாங்க முடியும் என்றால், தயங்காமல் பம்ப்பை வாங்குங்கள். தண்ணீரில் இறங்குமுன் அதன் பச்சை விளக்கைக் கைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். நாள், நேரம் எல்லாம் அதிலேயே பதிந்துவிடும். தகுந்த கவனம் எடுத்தேன் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. ஓ-ரிங் மாற்றிய தேதியை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள், வாங்கிய பில்லையும் அதோடு குத்தி வையுங்கள். கிரீஸும் ஹவுசிங் கம்பெனி சொன்னதைத்தான் போட வேண்டும். சிலிகான் ஓ-ரிங்கில் பொருந்தாத கிரீஸ் பட்டால் ஊதிப் பெருத்துவிடும்.

கடலிலிருந்து வந்ததும் உப்பு காயுமுன் நல்ல தண்ணீரில் முக்கி வைப்பது எல்லாருக்கும் தெரியும். ராதாபுரம், உவரி வட்டாரத்தில் பல இடங்களில் போர் தண்ணீரே உப்பு. நான் வீட்டிலிருந்தே இரண்டு கேன் ஆற்றுத் தண்ணீர் கொண்டுபோகிறேன்.

தண்ணீர் புகுந்துவிட்டால் போர்ட் கீழ்நோக்கி இருக்கும்படி பிடித்துக்கொண்டு, நிதானமாக மேலே வாருங்கள். கேமராவுக்காக வேகமாக மேலேறி நுரையீரலைப் பணயம் வைக்காதீர்கள். கரையில் திறக்குமுன் ஒரு படம். திறந்ததும் ஓ-ரிங் இருக்கிற நிலையில் ஒரு படம். பிறகு பேட்டரியைக் கழற்றுங்கள். நனைந்த லித்தியம் பேட்டரியைத் திரும்பச் சார்ஜில் போடக் கூடாது. பிறகு நஷ்டம் கூடாமல் பார்த்துக்கொள்வது நம் பொறுப்பு, பாலிசியே அதை எதிர்பார்க்கும். அன்றே நிறுவனத்துக்குத் தகவல் சொல்லுங்கள். செத்த கேமராவை சர்வேயர் பார்க்கும் வரை யாருக்கும் கொடுக்காதீர்கள். இழப்பீட்டை மறுத்தால் முதலில் அந்த நிறுவனத்திடமே எழுத்தில் முறையிடுங்கள். ஒரு மாதத்தில் தீராவிட்டால் சென்னையில் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் அலுவலகம் இருக்கிறது. அங்கே கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை.

இப்போது என் ஏற்பாடு இப்படி. ஐப்பசியிலிருந்து மார்கழி வரை கருவிகள் எல்லாம் மாடி அறையில் இருக்கும், அங்கே வெள்ளத்துக்கு ஸ்டூடியோ பாலிசி. பிசான நெல் அறுப்பு முடிந்து ஆறு தெளிகிற மாசியிலிருந்து, கார் சாகுபடிக்கு அணை திறந்து தண்ணீர் கலங்குகிற ஆனி வரை ஆற்றில் இறங்குவேன். அதற்குச் செகண்ட் ஹேண்ட் உடல் ஒன்று, பாலிசி கிடையாது. வருஷத்துக்கு ஒரு தடவை கடலுக்குப் போவதற்காக நல்ல உடலுக்கும் மேக்ரோ லென்ஸுக்கும் மட்டும் அந்தத் தனி வரியோடு ஆல் ரிஸ்க். ஸ்ட்ரோப், ஹவுசிங், டோம், ஆக்‌ஷன் கேமரா எதற்கும் தண்ணீர் புகும் காப்பீடு எடுக்கவில்லை, அவற்றுக்குச் சீட்டுப் பணம் இருக்கிறது.

தாமிரபரணியின் பெயரையே தன் அறிவியல் பெயரில் சுமக்கிற கெண்டை ஒன்று இந்த ஆற்றில் உண்டு, டாக்கின்சியா தம்ப்ரபர்னியெய். துடுப்பின் கதிர்கள் நூல் நூலாக நீண்டிருக்கும். அன்றைக்கு நான் காத்திருந்தது அதற்குத்தான். போன பங்குனியில் அதே இடத்தில், பழைய உடலோடு, முக்கால் மணி நேரம் கழித்து அது என் டோமுக்கு ஒரு சாண் தூரத்தில் வந்து நின்றது.